ரூம்மேட் பாட்டில்ல இருக்கிற சொட்டு மருந்து

ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்ல ஆர்க் வெல்டிங் நடந்த அன்னிக்கு ராத்திரி, கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி தூங்காம கிடந்தவங்க ஹாஸ்டலுக்கு ரெண்டு பேராவது இருப்பீங்க. ராடு பிடிச்சவன் கையில ஷீல்டு இருந்திருக்கும். சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும்.

ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கார்னியாவின் மேல் அடுக்கைச் சுட்டுவிடுகிறது. வலி உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அதனால நடுராத்திரில முழிப்பு வரும், டாக்டர் இருக்க மாட்டார், ரூம்மேட் இருப்பான். அவன் அலமாரியில எப்பவோ வாங்கின ஒரு சொட்டு மருந்தும் இருக்கும்.

அதைத் தொடாதீங்கனு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த வலியில ஒரு பங்கு கண்ணுக்கு உள்ள இருந்து வருது. ஐரிஸுக்குப் பின்னாடி சிலியரி தசைனு ஒரு வளையம் இருக்கு. கிட்ட இருக்கிறதைப் படிக்க ஃபோகஸ் மாத்தறது அதுதான். கார்னியா புண்ணானா இந்தத் தசை இறுகிப் போயிடும், கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கிற மாதிரி. லைட் போட்டதும் உள்ள குத்துறது இதனாலதான். இதைத் தளர்த்த ஹோமட்ரோபின், சைக்ளோபென்டோலேட் மாதிரி சொட்டு மருந்துகளை டாக்டர் எழுதுவார். தசையை இறுக்கச் சொல்லும் நரம்புச் செய்தியை இவை தடுக்கும்.

ஆனா கண்பாப்பா விரிஞ்சிடும், கிட்டப் பார்வை மங்கிடும். சைக்ளோபென்டோலேட் என்றால் ஏறக்குறைய ஒரு நாள். ஹோமட்ரோபின் ஒன்றிலிருந்து மூன்று நாள். இதே குடும்பத்து அட்ரோபினை விட்டீங்கன்னா ஒரு வாரத்துக்கு மேலகூட போகும். திங்கட்கிழமை இன்டர்னல்ஸ் வச்சுக்கிட்டு கொஸ்டின் பேப்பரே தெரியாம உட்காரணுமா? சிலருக்குக் கண்ணின் முன்பகுதியில் இடைவெளி குறுகலா இருக்கும். அவங்களுக்குப் பாப்பா விரிஞ்சா கண் அழுத்தம் திடீர்னு ஏறலாம். நம்ம வயசுல அது அபூர்வம்தான், ஆனா மீதி பாட்டிலை ஊருக்கு எடுத்துட்டுப் போய் அம்மாவுக்கு விடறவங்களும் இருக்காங்க.

இதைவிட மோசம் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. கான்டாக்ட் லென்ஸோட தூங்கி கிருமி தொற்றின கண்ணுக்கும் இதே சிவப்பு, இதே கூச்சம்தான். அங்க ஸ்டீராய்டை மட்டும் விட்டா சிவப்பு குறையும், உள்ள கிருமி வளரும். டாக்டர் ரூம்ல விட்டதும் வலி ஒரே நிமிஷத்துல மாயமா போகுமே, அந்த மரத்துப்போகிற மருந்தையும் வீட்டுக்குக் கேட்காதீங்க. திரும்பத் திரும்ப விட்டா புண்ணே ஆறாது.

டாக்டர்கள்மேலயும் எனக்கு ஒரு குறை உண்டு. எத்தனை நாள் படிக்க முடியாது, பைக் ஓட்டலாமா, கூலிங் கிளாஸ் வேணுமான்னு சொல்லாம சீட்டு மட்டும் எழுதித் தர்றவங்க இருக்காங்க. சொல்லலைன்னா நீங்களே கேளுங்க, வெல்டிங் பார்த்ததையும் லென்ஸ் போடறதையும் மறைக்காம சொல்லுங்க.

வெல்டிங் கண் எரிச்சல் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும். அந்த ராத்திரிக்கு இருட்டு ரூம், மூடின கண்மேல ஈரத்துணி, உங்களுக்கு ஒத்துக்கிற வலி மாத்திரை. தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு எல்லாம் வேண்டாம், ப்ளீஸ். காலையில முதல் வேலையா கண் டாக்டர். பார்வை மங்கினாலோ ஒரு கண்ணுல மட்டும் வலி கூடிக்கிட்டே போனாலோ காலை வரைக்கும்கூட காத்திருக்காதீங்க.

அப்புறம் வொர்க்‌ஷாப் இன்சார்ஜ் யாராவது இதைப் படிச்சா, வேடிக்கை பார்க்கிற பசங்களுக்கும் ஷீல்டு வாங்கிக் குடுங்க சார்.