கபடிக்குப் போகும் மகளுக்குப் பல் கவசம்



ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் இப்போது பெண் பிள்ளைகளும் கபடி ஆடுகிறார்கள். 2025 அக்டோபரில் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை டி.வி.யில் பார்த்த பிறகு, எங்கள் தெருவிலிருந்து இன்னும் நாலு பிள்ளைகள் மைதானத்துக்குக் கிளம்பி விட்டார்கள். சந்தோஷம்தான்.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆட்டத்தில் எதிராளியின் முழங்கை பட்டு, முன் பல் பாதி உடைந்து விட்டது. பல்லுக்காக அழுதது அரை நாள்தான். அதற்குள் அவள் பாட்டி, "பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க இந்த ஆட்டம்? பல்லு போனா நாளைக்கு எவன் வந்து பொண்ணு பாப்பான்?" என்று ஆரம்பிக்க, அப்பாவும் ஆமாம் போட, அந்தப் பெண்ணின் கபடி அன்றோடு நின்றது. இதே அடி அவள் அண்ணனுக்குப் பட்டிருந்தால் ஊரே "வீரன்டா" என்று முதுகில் தட்டியிருக்கும்!

பல்லுக்குப் பயந்து ஆட்டத்தை நிறுத்துவது என்ன நியாயம்? பல்லைக் காப்பாற்ற வழி இருக்கிறதே. குத்துச்சண்டையில் வாயில் கவசம் இல்லாமல் மேடை ஏறவே விட மாட்டார்கள். ஹாக்கியின் சர்வதேச விதிப் புத்தகமே, ஆடுகிறவர்கள் வாய்க்குப் பாதுகாப்பு போட்டுக் கொள்வது நல்லது என்கிறது. கபடியில் தலையும் முழங்காலும் முகத்துக்கு நேராகத்தான் வருகின்றன. ஷூ வாங்குகிறோம், முழங்கால் உறை வாங்குகிறோம், பேர் அச்சடித்த பனியன்கூட வாங்குகிறோம். வாய்க்கு மட்டும் ஒன்றும் கிடையாது. பம்பர் இல்லாமல் ஒரு லாரியை ரோட்டில் விடுவார்களா நம் நாமக்கல்காரர்கள்?

'மவுத் கார்டு' என்று கேட்டால் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். செருப்பு அடியில் போடுகிறார்களே, அந்த மாதிரி மெத்தென்ற பொருள்தான். கடையில் வாங்கி அப்படியே மாட்டுகிற ரகம் வேண்டவே வேண்டாம். பல்லில் நிற்காமல் ஆடும். பிள்ளைகள் துப்பி விடுவார்கள். வெந்நீரில் போட்டுக் கடிக்கிற ரகம் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. அட்டையில் சொன்ன நேரம் மட்டும் வெந்நீரில் வைத்து எடுத்து, சூடு பொறுக்கும் பதம் வந்ததும் மேல் பல்லில் பொருத்தி, மெதுவாகக் கடித்து, உதட்டுக்கு வெளியிலிருந்து விரலால் அழுத்த வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டால் இறுகி விடும். பலமாகக் கடித்தால் மெலிந்து போய்ப் பிரயோஜனமில்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க சுலபமான வழி: வாயைத் திறந்தால் அது கீழே விழக்கூடாது. மூச்சு முட்டக்கூடாது. பேச்சும் வர வேண்டும். "பாடி வர்றப்ப குழறுமே" என்பதுதான் கபடிப் பிள்ளைகள் முதலில் சொல்லும் சாக்கு. அளவாகப் பொருந்தினால் நாலு நாளில் பழகி விடும். "கபடி கபடி" சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்கே தெரியும்.

பல் மருத்துவரிடம் அளவு கொடுத்துச் செய்வது எல்லாவற்றிலும் நல்லது, ஆனால் செலவு கூடுதல். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விசாரித்துப் பாருங்கள். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளுக்கும், பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற வயசுப் பிள்ளைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் நாமாகப் பொருத்தக் கூடாது.

இன்னொன்றையும் அம்மாக்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அடிபட்டு நிரந்தரப் பல் முழுசாக வெளியே வந்து விட்டால் தூக்கிப் போட்டு விடாதீர்கள். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் ஒரு அலசு, அவ்வளவுதான், தேய்க்கக் கூடாது. அதே குழியில் வைக்க முடிந்தால் வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு டம்ளர் ஆறின பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். பால் இருக்கும்போது தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். பால் பல் என்றால் திரும்ப வைக்க வேண்டியதில்லை. காயத்தை மட்டும் டாக்டரிடம் காட்டினால் போதும்.

முதலமைச்சர் கோப்பை, திருவிழாக் கபடி என்று பிள்ளைகளை அழைத்துப் போகும் பி.டி. மாஸ்டர்களும் டீச்சர்களும், ஷூ கேட்பது போல இதையும் கட்டாயம் கேட்க வேண்டும். தாய்மார்கள் சொன்னால் "அம்மாவுக்குப் பயம்" என்கிறார்கள். மாஸ்டர் சொன்னால் மறு பேச்சில்லை.

என் மகள் ஒரு வருஷமாகப் போடுகிறாள். கழுவுவது பச்சைத் தண்ணீரில்தான். வெந்நீரில் கழுவினால் வடிவம் போய் விடும். அவள் அதை வைத்திருப்பது, நான் கம்பியைக் காய்ச்சி நாலு ஓட்டை போட்டுக் கொடுத்த பழைய சோப்பு டப்பாவில்.

- ஒரு வாசகி, ராசிபுரம்.