அடைபட்ட காற்று



திருவிழாக் காலங்களில் நம் ஆலயத் திடலைச் சுற்றி முளைக்கும் கடைகளுள் பலூன் சுடும் கடைக்குக் கூட்டம் குறைவதே இல்லை. அங்குள்ள துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை, புகையும் இல்லை. ஆயினும் விசையைத் தட்டிய மறுகணமே பலூன் உடைகிறது. உடைப்பது யாது? நாம் ஒவ்வொரு நொடியும் மூச்சாக இழுத்துவிடும் அதே காற்றுத்தான். மென்மைக்கு உவமையாகக் கூறப்படும் காற்றுக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது என்பதைக் குடும்பத்தினர் அனைவரும், சிறப்பாகப் பெற்றோர், அறிந்திருத்தல் நலம்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்திப் பாருங்கள். முதலில் எளிதாக இறங்கும் பிடி, போகப்போகக் கையை எதிர்த்துத் தள்ளும். காற்று அடங்கியுள்ள இடத்தைப் பாதியாகச் சுருக்கினால் அதன் அழுத்தம் இரு மடங்காகிறது. நான்கில் ஒன்றாக்கினால் நான்கு மடங்காகிறது. வெப்பநிலை மாறாதிருக்கும்போது இவ்விதி பொருந்தும். இதனை 1662-ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின், பிரெஞ்சு நாட்டில் துறவு மடமொன்றின் தலைமைப் பட்டம் பெற்றிருந்த எதம் மரியோத் என்பாரும் தம் சொந்த ஆய்வினால் இதே முடிவுக்கு வந்தார். இன்றும் பிரெஞ்சு மக்கள் இவ்விதியை மரியோத்தின் பெயராலேயே வழங்குகின்றனர்.

பம்பை அழுத்துகையில் நம் கை செய்த உழைப்பு வீணாவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. பம்பு சூடாவது அதனாலேயே. மறுபகுதி, வழி கிடைத்தால் வெளிப்படக் காத்திருக்கிறது. பலூன் கடைத் துப்பாக்கியின் குழலை மடக்கும்போது உள்ளேயுள்ள சுருள்வில் இறுகுகிறது. விசையைத் தட்டியவுடன் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெருக்க, நெருங்கிய காற்று ஈயக்குண்டைக் குழல் வழியே உந்துகிறது. குண்டு முன்னேற முன்னேறக் காற்றுக்கு இடம் பெருகுகிறது. ஆகவே அழுத்தம் குறைகிறது. குழலை எவ்வளவு நீட்டினாலும் வேகம் கூடிக்கொண்டே போகாது என்பதும் இதனாலேயே. ஓர் எல்லைக்கு மேல் உந்துதலைவிட உராய்வே மிகுந்துவிடும்.

இந்த இயற்பியல் நன்முறையில் ஆளப்படுவதை 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் காண்கிறோம். 1984-ஆம் ஆண்டு முதல் இது ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ளது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா நம் நாட்டுக்குத் தனிநபர் பிரிவின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தது இப்போட்டியில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அடைபட்ட காற்றுக்குச் செம்மையான ஒரு வழியும், பின்னால் நிற்பவருக்கு அடக்கமும் இருந்தால் இத்தகைய நுட்பமும் கைகூடும்.

இனி, அதன் மறுபுறத்தையும் காண்போம். 4.5 மில்லிமீட்டர் விட்டமும் அரைக் கிராம் எடையும் உள்ள குண்டு நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு கிலோ கல்லை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உண்டாகும் ஆற்றலுக்குச் சற்று மிகுதியான ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வளவும் ஒரு மிளகளவு இடத்தில் இறங்குகிறது. அது கண்ணாக இருந்தால்? 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆற்றல் குறைந்த சிறு காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. உரிமம் வேண்டாம் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. குண்டு இல்லை என்று எண்ணிப் பிறர்மீது குறிவைப்பதும், கல், இரும்பு போன்ற கெட்டியான பொருள்மீது சுடுவதும் கண்ணை இழக்கும் வழிகள். மகன் அழுகிறான் என்று இதனை வாங்கிக் கொடுக்கும் தந்தையர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனினும் பெரிய துப்பாக்கிகள் நம் கண்ணெதிரேயே உள்ளன. 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கிய நாள் முதல் மதுரை, சக்கரத்தை நம்பி வாழும் ஊராகவும் விளங்கி வருகிறது. பழங்காநத்தம் வழியாகச் செல்லும் லாரிகளின் டயர்களில் ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ அழுத்தம் உள்ளது. ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள பரப்பின்மீது அது நான்கு டன் சுமையாகும். ஒரு டயரில் அடைபட்டுள்ள ஆற்றல் பலூன் துப்பாக்கிக் குண்டின் ஆற்றலைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. டியூப் உள்ள பழைய வகைச் சக்கரங்களில் டயரை ஓர் இரும்பு வளையமே தாங்கிப் பிடிக்கிறது. துருப்பிடித்தோ, வளைந்தோ, சரியாகப் பதியாமலோ இருந்தால் அவ்வளையமே குண்டாகிப் பறக்கும். குழலும் இல்லை, குறியும் இல்லை. எதிரே நிற்பவரே இலக்கு.

பாய்லர்களையும் நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளைகளையும் வலிமைச் சோதனை செய்கையில் காற்றுக்குப் பதிலாக நீரை நிரப்புவதேன் என்று சிலர் வினவக்கூடும். நீர் நெருக்கினாலும் பெரிதும் சுருங்குவதில்லை. ஆதலின் ஆற்றலைச் சேமிப்பதும் அரிது. கலம் கீறினால் நீர் கசியும். காற்றாயின் கலமே சிதறும். லாரி டயரிலோ காற்றையே நிரப்ப வேண்டியுள்ளது. எனவே காவல் மனிதனிடம் இருக்க வேண்டும்.

பஞ்சர் கடை நடத்தும் அன்பர்களுக்கும் அங்கு வேலை செய்யும் இளைஞர்களுக்கும் நாம் கூறுவது இதுவே. டயரைக் கழற்றுமுன் வால்வு பின்னை எடுத்து முழுக் காற்றையும் வெளியேற்றுங்கள். காற்று உள்ளபோது வளையத்தைச் சுத்தியலால் தட்டாதீர்கள். காற்று நிரப்பும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டினுள் வைத்து, நீண்ட குழாயைப் பொருத்தி, பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். கூண்டு செய்யும் செலவு ஓர் உயிரின் விலையன்று. பெற்றோரே! விடுமுறையில் கைத்தொழில் பழகட்டும் என்று சிறுவனை அங்கு அனுப்பாதீர்கள். மகன் வயது வந்தவனாய் அங்கு வேலை செய்கிறான் எனில், மாலையில் அவன் கொண்டுவரும் கூலியைக் கேட்குமுன், அக்கடையில் கூண்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.