கண்டதும் கருதியதும்

நுழையும்முன்

இருளில் கேட்ட ஓர் ஒலி, ஆளில்லா வீட்டில் அசைந்த ஒரு நிழல், உறக்கத்தினிடையே மார்பை அழுத்திய ஒரு பாரம் ஆகிய அனுபவங்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் மனிதர்க்கு நேர்ந்துள்ளன. அவற்றைக் கேட்ட அளவிலேயே நம்புவோரும் உளர். கேட்ட அளவிலேயே நகைப்போரும் உளர். இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட ஆராய்ச்சி வழியை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அச்சத்தின் தொன்மை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என வகுக்கிறது. வருத்தும் ஆற்றலுடைய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், ஆள்வோர் என்பன அவை. பின்னைய மூன்றும் கண்முன் வந்து நிற்பவை. அணங்கோ கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. அது நான்கனுள் முதலாவதாக எண்ணப்பட்டிருப்பது, புலப்படாத ஒன்றைக் குறித்த அச்சம் எத்துணைப் பழைமையானது என்பதைக் காட்டும். ஆதலின், அவ்வச்சத்திற்கு ஆளானவரை அறிவிலி என்று ஒதுக்குதல் முறையன்று. அச்சம் இயல்பானது, அச்சத்தின் காரணத்தை ஆராயாமல் விடுவதே குறைபாடு.

இரண்டு கூறுகள்

வியப்புக்குரிய அனுபவம் ஒன்றை ஒருவர் கூறும்போது அதனுள் இரண்டு கூறுகள் கலந்திருக்கும். புலன்களால் உணர்ந்தது ஒன்று. அதற்கு மனம் கற்பித்துக்கொண்ட காரணம் மற்றொன்று. ‘நள்ளிரவில் மாடியில் இறந்துபோன தாத்தாவின் காலடி ஓசை கேட்டது’ என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோர், அத்தொடரைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஓர் ஓசை கேட்டது என்பது உணர்ந்தது. அது காலடி ஓசை என்பது கருதியது. அக்காலடி இறந்தவருடையது என்பது அதனினும் ஒரு படி மேற்சென்ற கருத்து. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால், மூன்று படிகளையும் ஒரே தாவலில் கடந்துவிட்டார். உணர்ந்ததை மறுக்காமல், கருதியதை மட்டும் வினவுவதே நேர்மையான ஆராய்ச்சியின் தொடக்கம்.

தமிழகத்தில் ‘அமுக்குவான் பேய்’ என வழங்கும் அனுபவம் இதனை விளக்கும். உறங்குபவருக்குத் திடுமென விழிப்பு வருகிறது, கை கால்களை அசைக்க இயலவில்லை, குரல் எழவில்லை, மார்பின்மீது யாரோ அமர்ந்திருப்பது போன்ற உணர்வு உண்டாகிறது. கனவு காணும் உறக்கநிலையில் உடலின் பெரும்பாலான தசைகள் செயலற்றிருக்கும். கனவில் ஓடுபவர் படுக்கையை விட்டு எழுந்து ஓடாமல் காப்பது இவ்வேற்பாடே. அந்நிலை நீங்குமுன் மனம் விழித்துக்கொண்டால், அசைவற்ற உடலும் கனவின் எச்சமும் ஒருங்கே உணரப்படுகின்றன. மருத்துவர் இதனை உறக்க முடக்கம் என்பர். ஜப்பானியர் இதனைக் ‘கனாஷிபாரி’ என்கின்றனர். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவினர் கிழட்டுச் சூனியக்காரி ஒருத்தி வந்து அழுத்துவதாகக் கூறினர். உடலின் நிகழ்வு எங்கும் ஒன்றே; அதற்கு இடப்பட்ட பெயரும் உருவமும் அந்தந்த மண்ணில் வழங்கிய கதைகளிலிருந்து வந்தவை.

கைகள் அறியாத உண்மை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஒரு வழக்கம் பரவியது. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மீது கைகளை வைப்பர். சிறிது நேரத்தில் மேசை தானே நகரும். ஆவிகளே அதனை நகர்த்துகின்றன என்று பலர் நம்பினர். 1853ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே இதனை ஆராய்ந்தார். அட்டைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே மென்மையான பசையை இட்டு, அவ்வடுக்கை மேசைமீது வைத்தார். மேசை தானாக நகர்ந்தால் அடியிலுள்ள அட்டையே முன்னே செல்லும். கைகள் தள்ளினால் மேலுள்ள அட்டை முன்னே செல்லும். ஆய்வின் முடிவில் மேலுள்ள அட்டைகளே முந்திச் சென்றிருந்தன. கையின் அழுத்தத்தை உடனுக்குடன் காட்டும் நெம்புகோல் ஒன்றையும் அவர் அமைத்தார். அதன் முள்ளை அமர்ந்திருந்தோர் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசை நகரவேயில்லை.

ஃபாரடே அவர்களை ஏமாற்றுக்காரர் என்று கூறவில்லை. அவர்கள் உண்மையாளர்களே, தம் கைகள் தள்ளுவதை அவர்களே அறியவில்லை. ஒருவரின் நேர்மை, அவர் கூறும் காரணத்திற்குச் சான்றாகாது என்பதே இந்நிகழ்வு கற்பிக்கும் பாடம்.

நினைவும் அவ்வாறே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் பிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிக் கதையொன்றைப் பலரைப் படிக்கச் செய்து, இடைவெளி விட்டு விட்டு அதனை மீண்டும் கூறச் செய்தார். கேட்போருக்குப் பழக்கமில்லாத பகுதிகள் உதிர்ந்தன. எஞ்சியவை அவர்களுக்குப் பழகிய வடிவத்திற்கு மாறின. 1932இல் வெளிவந்த அவருடைய நூல், நினைவு என்பது பெட்டியில் வைத்து எடுக்கும் பொருளன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று காட்டியது. பத்துப் பேர் வாய்மாறி வந்த பேய்க்கதையில் முதலில் நிகழ்ந்தது எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

கேரளத்தில் 1898ஆம் ஆண்டு பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராகப் பணியாற்றியவர் ஆபிரகாம் கோவூர். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் இயற்கை மீறிய ஆற்றலை மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அவர் அறிவித்தார். 1978இல் அவர் மறையும் வரை எவரும் அப்பரிசைப் பெறவில்லை.

அறிவியல் போர்வை

ஐயம் ஒரு பக்கத்திற்கு மட்டும் உரியதன்று. இரவில் புளியமரத்தடியில் உறங்கினால் பேய் பிடிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு மாற்றாக, ‘மரம் இரவில் கரியமில வாயுவை வெளியிடுகிறது, அதனால் மூச்சுத் திணறும், அதையே முன்னோர் பேய் என்றனர்’ என்னும் விளக்கம் மேடைகளில் அடிக்கடி கூறப்படுகிறது. மரம் இரவில் கரியமில வாயுவை வெளியிடுவது உண்மையே. ஆயினும், அது திறந்த வெளியில் காற்றோடு கலந்து பரவிவிடும். மூச்சை அடைக்கும் அளவிற்குத் தேங்குவதில்லை. ஒரே அறையில் நால்வர் உறங்கும்போது அவர்கள் அனைவரும் இரவு முழுவதும் அதே வாயுவை வெளியிடுகின்றனர். அதனால் யாரும் மூச்சு முட்டி எழுவதில்லை. அறிவியற் சொற்களால் ஆனது என்பதற்காக ஒரு விளக்கம் அறிவியலாகிவிடாது. பேய்க்கதையை எவ்வாறு வினவ வேண்டுமோ, அவ்வாறே அதனை மறுக்கும் கதையையும் வினவ வேண்டும்.

தவறான காரணத்தின் விலை

அமெரிக்க மருத்துவர் வில்லியம் வில்மர் 1921இல் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய வீடொன்றில் குடியேறிய அக்குடும்பத்தினர்க்குத் தலைவலியும் சோர்வும் உண்டாயின, காலடி ஓசைகள் கேட்டன, உருவங்கள் தோன்றின. வீட்டைச் சூடேற்றும் உலை பழுதுபட்டு, அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு அறைகளில் பரவியதே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. உலை சீர்செய்யப்பட்டதும் அனைத்தும் நின்றன. அக்குடும்பத்தினர் மந்திரவாதியை மட்டும் நாடியிருந்தால் நஞ்சு நாள்தோறும் அவர்களைத் தாக்கிக்கொண்டே இருந்திருக்கும்.

தமிழகமும் இத்தகைய விலையைக் கொடுத்துள்ளது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். மனநோயைத் தீயசக்தியின் பிடி என்று கருதி, நோயுற்றோரைத் தொலைவூர்களிலிருந்து கொணர்ந்து விட்டுச்செல்லும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக இருந்தது. அவர்களுக்குக் கேட்ட குரல்கள் பொய்யல்ல. அவர்கள் உண்மையாகவே அவற்றைக் கேட்டனர். அக்குரல்களுக்குச் சுற்றத்தார் கற்பித்த காரணமே பொய். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் தடைசெய்கிறது.

வழிபாடு தரும் ஆறுதலை மறுக்க வேண்டியதில்லை. ஆறுதல் ஆறுதலாகவும் மருத்துவம் மருத்துவமாகவும் இருத்தல் வேண்டும்; ஒன்றின் இடத்தை மற்றொன்று அடைத்தலாகாது.

ஆராயும் முறை

வியத்தகு நிகழ்வொன்றைக் கண்டவர் முதலில் செய்யத்தக்கது, பிறரிடம் பேசுமுன் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதி வைத்தல். உடனிருந்தோர் இருப்பின், அவர்களும் தனித்தனியே எழுதுதல் நன்று. அடுத்து, அப்போது தம் உடல் இருந்த நிலையையும் இடத்தின் நிலையையும் நோக்குதல் வேண்டும்: உறக்கக் குறைவு, காய்ச்சல், மங்கிய ஒளி, காற்று, எலி, தளர்ந்த சாளரம் ஆகியவை எளிதில் மறக்கப்படுபவை. பின்னர், தாம் கருதும் காரணம் தவறாயின் அதனை எதைக்கொண்டு அறியலாம் என்று வினவுதல் வேண்டும். எவ்வகையிலும் பொய்யெனக் காட்ட இயலாத விளக்கம், எதையும் விளக்குவதில்லை.

‘எல்லாவற்றையும் அறிவியலால் விளக்க முடியுமா?’ என்பது இவ்விடத்தில் எழும் வினா. இன்று முடியாது என்பதே அதற்குரிய நேரிய விடை. இத்தனைக்குப் பின்னும் விளங்காத சில எஞ்சும். அவற்றைக் குறித்துக் ‘காரணம் தெரியவில்லை’ என்று நிறுத்திக்கொள்ளுதல் அறிவுக்கு இழுக்கன்று. ‘தெரியவில்லை, ஆகவே பேய்தான்’ என்று கூறுபவர், தெரியாது என்று ஒப்புக்கொண்ட அடுத்த நொடியே தெரியும் என்கிறார்.

வகுப்பில் ஒருவர், ‘எனக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது’ என்று தோழரிடம் தயங்கித் தயங்கிச் சொல்லக்கூடும். அதனைக் கேட்டுச் சிரித்தால் அவர் மறுபடியும் வாய் திறக்கமாட்டார். பேய் என்று அஞ்சி விலகினால் அவர் மேலும் தனிமைப்படுவார். சொன்னதைப் பொறுமையுடன் கேட்டு, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறச்செய்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வழிகாட்டும் தோழரே, கண்டதற்கும் கருதியதற்கும் உள்ள வேறுபாட்டை உண்மையில் கற்றவர்.