மலேரியாவின் உயிர்நிலை

ஏழு கடலுக்கப்பால் ஒரு வண்டினுள் தன் உயிரை ஒளித்துவைத்துவிட்டு, எவராலும் வெல்லப்படாதவனாய்த் திரிந்த அரக்கனின் கதையை நம்மில் கேளாதார் இரார். மலேரியாக் கிருமியின் விஷயத்தில் அக்கதை ஏறக்குறைய மெய்யென்றே தோன்றுகிறது. அதனை எளிதில் வீழ்த்தக்கூடிய இடம் மனிதனுடைய இரத்தத்தைக் காட்டிலும் கொசுவின் வயிற்றிலேயே இருக்கிறது.

உயிரணுவுக்குள் சக்தியை உண்டாக்கும் உலை ஒன்றுண்டு. அதற்கு மைட்டோகாண்டிரியா என்று பெயர். அதற்கெனத் தனி மரபணுக்களும் உண்டு. புரதம் ஆக்கும் மரபணுக்கள் மனிதனுடைய உலையில் 13. மலேரியாக் கிருமிக்கோ மூன்றே மூன்று. மற்றவற்றையெல்லாம் உதறிய கிருமி இம்மூன்றை மட்டும் விடாது பற்றிக்கொண்டிருப்பானேன்? நமது இரத்தத்தில் அதற்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டே காலங்கழித்துவிடுகிறது. அங்கே அதன் உலையிலுள்ள சுவாசத் தொடர், மரபெழுத்துக்களுக்கான மூலப்பொருளை ஆக்குவதற்கே முக்கியமாகத் தேவைப்படுகிறதென்பதை 2007-ல் அகில் வைத்யாவும் சகாக்களும் காட்டினார்கள். கொசுவினிடம் போய்ச் சேர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே உலை அணைந்தால் கிருமிக்கு வாழ்வில்லை.

இதற்குச் சான்றுகள் உள. அட்டோவாகுவோன் என்னும் மருந்து அம்மூன்று மரபணுக்களுள் ஒன்று ஆக்கும் புரதத்தையே தாக்குகிறது. அம்மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலும் மருந்து பயனற்றுப் போகலாம். ஆனால் அவ்வாறு மாறிய கிருமிகள் கொசுவின் வழியே பரவ இயலாமல் மாய்வதை மெல்போர்ன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களும் சகாக்களும் 2016-ல் கண்டறிந்தனர். அதற்கு முன்பே, 2013-ல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக் கோவிந்தராஜன் பத்மநாபன் குழுவினர் வேறொரு வழியில் இம்முடிவை அணுகியிருந்தார்கள். அவ்வுலையில் தொடங்கும் ஹீம் உற்பத்தியைத் தடுத்தபோது கிருமி இரத்தத்தில் வளர்ந்தது. கொசுவில் முதிர்ச்சி பெறவில்லை. மருந்தை ஏய்த்த கிருமியால் கொசுவை ஏய்க்க முடியவில்லை!

இவ்வுண்மை ஆராய்ச்சிசாலையோடு நின்றுவிடலாகாது. 1953-ல் தொடங்கிய தேசிய முயற்சியால் 1965-ல் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்த மலேரியா நோயாளிகளின் தொகை, நாம் அயர்ந்ததும் 1976-ல் 64 லட்சத்துக்கு மேல் ஏறியது. இன்று தமிழ்நாட்டில் இந்நோய் அருகியிருக்கிறது. அருகிய நோயை அழிந்த நோயென்று எண்ணுவதே அன்று நாம் செய்த பிழை. 2030-க்குள் இதனை ஒழிப்பதாகத் தேசம் உறுதி பூண்டிருக்கையில் அப்பிழை மீண்டும் நேரலாமா?

கொசுவின் உடலில் கிருமி முதிர ஏறக்குறைய 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். அதற்குள் கொசு மடிந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துபோம். பெரியாற்றுக் கால்வாய் பாயும் வாடிப்பட்டி வயல்வெளியில் தேங்கும் நீரும், வீட்டுக் கிணறும், மூடாத மாடித் தொட்டியும் அச்சங்கிலியின் கண்ணிகளே. வாரந்தோறும் தொட்டியைக் கழுவி மூடுவதும், காய்ச்சல் கண்டவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் அற்பக் காரியங்களல்ல. ஊராட்சிகள் இதில் முனைய வேண்டும். சர்க்காரோ, நோயாளிகளின் தொகை குறைந்ததைக் காரணங்காட்டிக் கொசு ஒழிப்புப் பணியாளரையும் ஆராய்ச்சிக்கான பணத்தையும் குறைக்கலாகாது. அரக்கனின் உயிர் எங்கே இருக்கிறதென்று தெரிந்த பின்னும் அவனைத் தப்பவிடுவோமாயின், பழி நம்மையன்றி வேறெவரைச் சாரும்?