புது ஜேம்ஸ் பாண்ட் வந்தாலே ரசிகர்களுக்கு ஏன் கோபம் வருது?

2005 அக்டோபர் 14. லண்டன் தேம்ஸ் நதியில் கடற்படை வேகப்படகில் வந்து இறங்கினார் டேனியல் கிரெய்க். அவர்தான் அடுத்த ஜேம்ஸ் பாண்ட் என்று உலகத்துக்குச் சொல்லும் நிகழ்ச்சி அது. கோட் சூட்டுக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். அது போதாதா? பிரிட்டன் பத்திரிகைகள் கிண்டலடித்துத் தீர்த்தன. முடி பொன்னிறம், உயரம் கம்மி, முகத்தில் பாண்ட் களை இல்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டியல் போட்டார்கள். படத்தைப் புறக்கணிப்போம் என்று தனி இணையதளமே தொடங்கிவிட்டார்கள். அப்போது படத்தில் ஒரு காட்சிகூட வெளிவந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பரில் ‘கேசினோ ராயல்’ வந்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 60 கோடி டாலர் வசூல். கிரெய்க்கின் பெயர் சிறந்த நடிகருக்கான பாஃப்டா பரிந்துரையில் இடம்பெற்றது. 15 ஆண்டுகள், 5 படங்கள். 2021-ல் ‘நோ டைம் டு டை’ படத்தோடு அவர் விடைபெற்றபோது, ‘இவரா பாண்ட்?’ என்ற பழைய கேள்வி ‘இவரை விட்டா வேற யாரு?’ என்று மாறியிருந்தது.

பாண்ட் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இந்தக் கூத்து ஒருமுறை நடந்தே தீரும். ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருக்கிறது. முடிவெடுக்கும் இடம் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து அமேசான் கைக்குப் போயிருக்கிறது. அதனால் ரசிகர் சொல்லும் கருத்துக்கு முன்பைவிட எடை கூடியிருக்கிறது. அந்தக் கருத்தில் எது சரக்கு, எது வெறும் சத்தம் என்று பார்க்க வேண்டிய நேரம் இது.

இதுவரை எத்தனை பாண்ட்?

1962-ல் வெளிவந்த ‘டாக்டர் நோ’ தொடங்கி, இயான் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் வரிசையில் 25 படங்கள். ஷான் கானரி 6, ஜார்ஜ் லேசன்பி 1, ரோஜர் மூர் 7, டிமோதி டால்டன் 2, பியர்ஸ் பிராஸ்னன் 4, டேனியல் கிரெய்க் 5. மொத்தம் ஆறு நடிகர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வரிசையில் தனிப் பாசம் உள்ள படம் 1983-ல் வந்த ‘ஆக்டோபஸி’. உதய்ப்பூரில் எடுத்த படம். சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், விஜய் என்ற பெயரிலேயே பாண்டின் கூட்டாளியாக வந்து டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுவார். அதே ஆண்டில் வேறு தயாரிப்பாளர்களின் ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தில் ஷான் கானரியும் பாண்டாக வந்தார். ஒரே வருஷத்தில் இரண்டு பாண்ட். பலரும் ‘அசல்’ என்று கருதிய கானரியைவிட மூர் படம்தான் அதிகம் வசூலித்தது.

முதல் எதிர்ப்பாளர் யார் தெரியுமா?

பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயான் ஃபிளெமிங்கேதான். எடின்பரோவின் உழைக்கும் குடும்பத்திலிருந்து வந்த கானரி, தன் நாவலில் வரும் மேட்டுக்குடி உளவாளிக்குச் செட் ஆகமாட்டார் என்பது அவருடைய முதல் கணிப்பு. படம் வந்ததும் மனசு மாறினார். 1964-ல் வெளியான ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ நாவலில் பாண்டின் அப்பாவை ஸ்காட்லாந்துக்காரராகவே எழுதிவிட்டார். பாத்திரத்துக்கு நடிகர் பொருந்த வேண்டும் என்று நினைத்தவர், கடைசியில் நடிகருக்குப் பொருந்தும்படி பாத்திரத்துக்கு ஒரு குடும்ப வரலாறு கொடுத்தார்.

அடுத்து லேசன்பி. விளம்பரங்களில் நடித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர், சினிமா அனுபவம் கிடையாது. 1969-ல் வந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தில் ‘கானரி எங்கே?’ என்ற கேள்விதான் பெரிதாக ஒலித்தது. இன்று பாண்ட் படங்களில் சிறந்தவை எவை என்று பேசும்போது அந்தப் படத்தின் பெயர் தவறாமல் வருகிறது.

டால்டன் கதை இன்னும் சுவாரஸ்யம். சிரிப்பும் கண்ணடிப்புமாக இருந்த மூருக்குப் பிறகு, நாவலில் உள்ளபடி இறுக்கமான, களைத்துப்போன உளவாளியாக வந்தார். ‘ரொம்ப சீரியஸ்பா’ என்றார்கள். 1989-ல் வந்த ‘லைசென்ஸ் டு கில்’ அமெரிக்காவில் சுமாராகத்தான் ஓடியது. அதன் பிறகு சட்டச் சிக்கலில் தொடரே ஆறு ஆண்டுகள் நின்றது. 2006-ல் கிரெய்க் அதே இறுக்கத்தோடு வந்தபோதுதான், டால்டன் இருபது வருஷம் முன்னாடியே வந்துவிட்டார் என்று பலருக்கும் உறைத்தது.

அறிவிப்பு நாளில் சொல்லும் தீர்ப்பு ஏன் இப்படித் தப்பிப்போகிறது? அன்று ரசிகரின் கண்முன்னே புதியவரின் நடிப்பு இல்லை. பழையவரின் நினைவு மட்டும்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் கேபிள் டிவியில் பிராஸ்னனைப் பார்த்து வளர்ந்தவருக்கு அவர்தான் பாண்ட். அவருடைய அப்பாவுக்கு மூர். பாண்டை மாற்றும்போது தன் பன்னிரண்டு வயசில் யாரோ கை வைக்கிற மாதிரி இருக்கும். கோபம் வரத்தான் செய்யும்.

நம்ம ஊரில் நடக்காததா?

தமிழ் சினிமா இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டது. இங்கே உளவாளியைவிட நாயகன் பெரியவர். ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சிஐடி சங்கர்’ (1970) மூலம் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்று பெயர் வாங்கினார் ஜெய்சங்கர். பாத்திரத்தின் பெயரிலேயே நடிகரின் பெயர் பாதி இருக்கிறது. அதை வேறு யாருக்கு மாற்றிக் கொடுப்பது? கன்னடத்தில் சிஐடி 999 வரிசைப் படங்கள் எல்லாவற்றிலும் ராஜ்குமார்தான். கமல்ஹாசன் 1986-ல் ‘விக்ரம்’ படத்தில் ஏற்ற உளவாளி வேடத்துக்கு 36 ஆண்டுகள் கழித்து, 2022-ல், அவரேதான் திரும்பி வந்தார்.

ஆளை மாற்றிய இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு இந்தியில் ‘டான்’ இருக்கிறது. உளவாளி இல்லை, கடத்தல்காரன். ஆனால் சிக்கல் ஒன்றுதான். 1978-ல் அமிதாப் பச்சன். (அதன் தமிழ் வடிவம்தான் 1980-ல் ரஜினியின் ‘பில்லா’, 2007-ல் அஜித்தின் ‘பில்லா’.) 2006-ல் அந்த வேடத்துக்கு ஷாருக் கான் வந்தபோது அமிதாப்பை வைத்து அளந்தார்கள். 2023 ஆகஸ்டில் ‘டான் 3’ படத்துக்கு ரன்வீர் சிங் என்று இயக்குநர் ஃபர்ஹான் அக்தர் அறிவித்ததும் எழுந்த குரல் என்ன? ஷாருக் இல்லாமல் டானே இல்லை என்பதுதான். அன்றைக்கு வந்தேறி, இன்றைக்கு அசல். நடுவில் போனது 17 வருஷம்.

சின்னத்திரையில் இது இன்னும் நெருக்கமானது. ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்ற அட்டையைப் பார்க்காத தமிழ் வீடு உண்டா? ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக மிரட்டிய மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று திடீரென்று காலமானார். எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். ‘பழைய குணசேகரன் மாதிரி வராது’ என்று பலர் சொன்னதை வேல ராமமூர்த்தியின் நடிப்பு பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொள்ள முடியாது. அது இழவு வீட்டில் பேசும் பேச்சு. ரசிகர் கோபத்தில் ஒரு பங்கு எப்போதும் துக்கம்தான்.

விருத்தாசலத்து அச்சில் ஒரு விடை

நடிகரை மாற்றினால் பாத்திரம் கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு, அச்சில் வார்க்கும் தொழில் தெரிந்தவர்களிடம் ஒரு நல்ல பதில் இருக்கிறது.

கடலூர் மாவட்டம் விருத்தாசலம், செராமிக் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பேர்போன ஊர். அங்கே தொழிற்பேட்டையும் உண்டு, செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் உண்டு. இந்தத் தொழிலில் ஒரே மாதிரி பொம்மைகளை வார்க்கும் முறை எளிமையானது. முதலில் ஒரு மூல உருவம் செய்வார்கள். அதிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றினால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரை ஒட்டி மண் படியும். மிச்சக் குழம்பைக் கொட்டிவிட்டு, பொம்மையை எடுத்துக் காயவைத்துச் சூளையில் சுடுவார்கள்.

அச்சு என்றைக்கும் உழைக்காது. வார்க்க வார்க்க உள்சுவர் தேயும். பொம்மையின் மூக்கு மழுங்கும், விரல்கள் ஒட்டிப்போகும். அப்போது அதே அச்சில் எவ்வளவு நல்ல மண்ணை ஊற்றினாலும் பொம்மை மழுங்கலாகத்தான் வரும். மூல உருவத்துக்குப் போய்ப் புது அச்சு எடுக்க வேண்டும்.

2002-ல் நடந்தது அதுதான். ‘டை அனதர் டே’ படத்தில் கண்ணுக்குத் தெரியாத கார், பனிக்கட்டி மாளிகை என்று கதை எங்கோ போய்விட்டது. படம் வசூலித்தது, பிராஸ்னன் மீதும் குறை இல்லை. ஆனால் அச்சு தேய்ந்திருந்தது. தயாரிப்பாளர்கள் மூலத்துக்குப் போனார்கள். 1953-ல் ஃபிளெமிங் எழுதிய முதல் நாவலான ‘கேசினோ ராயல்’ படமானது. அதில் பாண்ட் அடிபடுவான், தப்புப் பண்ணுவான், காதலித்து ஏமாறுவான். அந்தப் புது அச்சுக்கு கிரெய்க் பொருந்தினார். அவரைப் பழைய அச்சில் ஊற்றிப் பார்த்துத்தான் ரசிகர்கள் ‘செட் ஆகல’ என்றார்கள்.

எந்தக் கருத்தைக் கேட்கணும்?

ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வரவில்லை. 60 ஆண்டுகளாக இந்தத் தொடரை வாழவைப்பது அவர்கள்தான். படம் பார்த்த பிறகு அவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. கதை தளர்கிறது, வில்லன் வலுவில்லை, சண்டைக்காட்சி பழசு என்பதெல்லாம் படைப்பாளிகள் குறித்துக்கொள்ள வேண்டியவை. படம் வருவதற்கு முன்னால் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புதான் அடிக்கடி தவறுகிறது.

அதிலும் மோசமான வகை ஒன்று உண்டு. இத்ரிஸ் எல்பாவின் பெயர் பாண்ட் வேடத்துக்குப் பல ஆண்டுகள் அடிபட்டது. பேச்சு நடிப்பிலிருந்து நழுவித் தோல் நிறத்தில் போய் நின்றது தன்னைச் சோர்வடையச் செய்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ‘நோ டைம் டு டை’ படத்தில் லஷானா லின்ச் பாண்டாகக்கூட நடிக்கவில்லை. 007 என்ற எண் மட்டும் கொஞ்ச நேரம் அவருடைய பாத்திரத்திடம் இருக்கும். அதற்கே இணையத்தில் அவ்வளவு வசவு. இதை ரசிகர் கருத்து என்ற கணக்கில் சேர்க்க முடியாது.

அமேசான் வந்ததால் என்ன மாறும்?

பாண்டை இத்தனை காலம் கட்டிக்காத்தது புரோக்கோலி குடும்பம். கிரெய்க்குக்கு எதிராக அத்தனை சத்தம் எழுந்தபோதும் பார்பரா புரோக்கோலி அசையவில்லை. அமேசான் 2022 மார்ச்சில் எம்ஜிஎம் நிறுவனத்தை ஏறத்தாழ 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் படைப்பு உரிமையும் அதன் கைக்குப் போனது. பார்பராவும் மைக்கேல் ஜி. வில்சனும் இணை உரிமையாளர்களாகத் தொடர்கிறார்கள், ஆனால் முடிவு அவர்களுடையது இல்லை. அடுத்த படத்துக்கு ‘டியூன்’ இயக்குநர் டெனி வில்நோவ், எழுத ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ ஸ்டீவன் நைட் என்று அதே ஆண்டில் அறிவிப்பு வந்தது. நல்ல தொடக்கம்தான்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே எது பிடிக்கும் என்று கணித்து, அதையே திரும்ப நீட்டுவதில் கெட்டிக்கார நிறுவனம் அமேசான். 2005-ல் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் கிரெய்க் வந்திருக்கவே மாட்டார். 1961-ல் ஃபிளெமிங்கிடம் கேட்டிருந்தால் கானரியும் இல்லை. இனி ஒவ்வொரு ஹேஷ்டேகும் ஒரு தரவு. கோபத்தின் அளவைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தால், யாருக்கும் பிடிக்காமல் போகாத, யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவும் பிடிக்காத ஒரு பாண்ட்தான் கிடைப்பார்.

எனவே நிறுவனம் செய்ய வேண்டியது, ஆளை முடிவு செய்தபின் சத்தத்துக்குப் பயந்து பின்வாங்காமல் இருப்பது. ரசிகர் செய்ய வேண்டியது அதைவிட எளிது. ஆபீஸில் புது டீம் லீட் வந்த முதல் நாளே ‘பழைய ஆள் மாதிரி வராது’ என்று முத்திரை குத்தினால், வந்தவர் வேலையைக் காட்டவே வழி இருக்காது. அந்த நியாயம் நடிகருக்கும் பொருந்தும். டிக்கெட் எடுத்து, படம் பார்த்து, பிடிக்காவிட்டால் கிழித்துத் தொங்கவிடலாம். அந்த விமர்சனத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.