வாக்கு கூடியது 1 விழுக்காட்டிற்கும் குறைவு, இடங்களோ 11-லிருந்து 72: எட் டேவி எப்படிச் சாதித்தார்?

ஏரியில் துடுப்புப் பலகையிலிருந்து தொப்பென்று விழுகிறார். இன்னொரு நாள் பஞ்ஜி கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறார். 2024 பிரிட்டன் பொதுத் தேர்தல் சமயத்தில் இந்த வீடியோக்கள் உங்கள் போனிலும் வந்திருக்கலாம். அவர்தான் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் எட் டேவி.

பலர் சிரித்தார்கள். ஆனா, வாக்கு எண்ணி முடிந்தபோது கட்சிக்கு 72 இடங்கள். 1923-க்குப் பிறகு பிரிட்டிஷ் லிபரல்களுக்குக் கிடைத்த ஆக அதிகமான எண்ணிக்கை அது.

ஆச்சரியம் என்னவென்றால், 2019-இல் கட்சி பெற்றது 11.5% வாக்கு, 11 இடங்கள். 2024-இல் 12.2% வாக்கு. அப்போ, கூடுதல் இடங்கள் எங்கிருந்து வந்தன?

லிபரல்கள் யார்?

ஒரு காலத்தில் ஆளுங்கட்சி. முதியோர் ஓய்வூதியச் சட்டமும் (1908) தேசியக் காப்புறுதிச் சட்டமும் (1911) அவர்கள் கொண்டு வந்தவை. ஆனால் தொழிலாளர்களின் வாக்கு தொழிற்கட்சிப் பக்கம் போனது. 1922-இல் லாயிட் ஜார்ஜ் பதவி விலகியதோடு லிபரல் பிரதமர்களின் காலம் முடிந்தது.

வாக்கு இருந்தும் இடம் இல்லையா?

ஆமாம். 1983-இல் லிபரல் கூட்டணிக்கு 25.4% வாக்கு, 23 இடங்கள்தான். தொழிற்கட்சிக்கு 27.6% வாக்கு, 209 இடங்கள்!

காரணம், தேர்தல் முறை. ஒரு தொகுதியில் முதலில் வருபவருக்கு மட்டுமே இடம். தொழிற்கட்சியின் வாக்குகள் சில வட்டாரங்களில் குவிந்திருந்தன. லிபரல்களுக்கோ நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. நூறு தொகுதிகளில் இரண்டாவதாக வந்தாலும் கணக்கு பூஜ்யம்தான்.

டேவி கடந்து வந்த பாதை

4 வயதில் அப்பாவை இழந்தார். நோயுற்ற அம்மாவைப் பார்த்துக்கொண்டார். 15 வயதில் அவரும் இல்லை. 1997-இல் வெறும் 56 வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் போனார்.

2010-இல் நிக் கிளெக் தலைமையிலான கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சியோடு சேர்ந்து அரசாங்கம் அமைத்தது. டேவியும் அதில் இடம்பெற்றார். பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று தேர்தலுக்கு முன் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த அரசாங்கமோ கட்டண வரம்பை 9,000 பவுண்டாக்கியது. பிடிபிடிஎன் கடன் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

2015-இல் 57 இடங்கள் 8 ஆகச் சுருங்கின. டேவியும் தோற்றார். 2017-இல் தொகுதியை மீட்டார், 2020-இல் தலைவரானார்.

இன்னொரு கறையும் உண்டு. அஞ்சலகங்களுக்குப் பொறுப்பான துணையமைச்சராக இருந்தபோது, கணினிக் கோளாறால் திருட்டுப் பழி சுமந்த அஞ்சலக நடத்துநர்களின் பிரதிநிதியைச் சந்திக்க முதலில் மறுத்தார். பின்னாளில் மன்னிப்புக் கேட்டார்.

2024-இல் என்ன மாற்றினார்?

எல்லா இடத்திலும் ஓடவில்லை. கன்சர்வேட்டிவ் கட்சியை வெல்லக்கூடிய தொகுதிகளில், குறிப்பாகத் தென் இங்கிலாந்தில், ஆளையும் பணத்தையும் குவித்தார். வேடிக்கை கேமராவை இழுத்தது. கேமரா வந்ததும் ஆற்றில் கலக்கும் கழிவுநீர் பற்றியும் வீட்டில் நோயாளிகளைப் பராமரிப்பவர்கள் பற்றியும் பேசினார்.

அதிர்ஷ்டமும் சேர்ந்தது. ரிஃபார்ம் கட்சி கன்சர்வேட்டிவ் வாக்குகளைப் பிரித்தது. 14.3% வாக்கு பெற்ற ரிஃபார்முக்கோ 5 இடங்கள்தான். லிபரல்கள் பல்லாண்டு சுமந்த வலி, இப்போது வேறொருவர் தலையில்.

இது நமக்கு எதற்கு?

மலேசியாவிலும் இதே முறைதான். 2013 பொதுத் தேர்தலில் மக்கள் கூட்டணிக்கு 50.9% வாக்கு, 89 இடங்கள். தேசிய முன்னணிக்கு 47.4% வாக்கு, 133 இடங்கள், ஆட்சியும் அவர்களுக்கே.

18 வயதில் நமக்கு வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் எல்லா வாக்குக்கும் ஒரே எடை இல்லை. நீங்கள் எந்தத் தொகுதியில் இருக்கிறீர்கள் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

வாக்குக்கு ஏற்ற இடம் வேண்டும் என்பது லிபரல்களின் நெடுநாள் கோரிக்கை. 650-இல் 72 என்பது சுமார் 11%. இப்போது அவர்களுக்கு அது கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. தங்களுக்கு லாபம் தரத் தொடங்கிய முறையை மாற்ற, இனியும் அதே வேகத்தில் போராடுவார்களா? டேவியிடம் அடுத்துக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.