கூலியா, கிழட்டுச் செடியா?

நாட்கூலியைக் கூட்டினால் இலங்கைத் தேயிலை உலகச் சந்தையில் நிற்காது என்ற வாதம் ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் கிளம்புகிறது. 2021இல் 1,000 ரூபாய் ஆனபோதும் 2024இல் 1,350 ஆனபோதும் இதே பல்லவிதான்.

உற்பத்திச் செலவில் கூலி பெரும்பங்கு என்பதை மறுக்க முடியாது. கென்யாவில் செலவு குறைவு என்பதும் சரி. ஆனால் அங்கே செடிகள் இளையவை. ஓர் ஆள் பறிக்கும் கொழுந்து அதிகம். ஹாலிஎல, பதுளைப் பக்கத்து மலைகளிலோ வெள்ளைக்காரர் காலத்து விதைத் தேயிலை இன்னும் நிற்கிறது. செடி செத்து வெற்றிடம் விழுந்த நிரையில் நிர்ணயித்த கிலோ சேராவிட்டால் தொழிலாளிக்கு ‘அரைப் பேர்’தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். செடியின் முதுமைக்குத் தண்டம் கட்டுவது கம்பெனி அல்ல.

மலிவு ஒன்றே போட்டி என்பதும் தவறு. வணிக உத்தி அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1980களிலேயே செலவுக் குறைப்பையும் தனித்தன்மையையும் இரு வேறு வழிகளாகப் பிரித்துக் காட்டினார். பதுளை அடங்கிய ஊவாவுக்கு இரண்டாவது வழி இயற்கையாகவே வாய்த்திருக்கிறது: ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் கொழுந்துக்கு ஏறும் அந்தக் குளிர்ந்த மணம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அதையும் பெரும்பாலும் மொத்தத் தூளாகக் கொழும்பு ஏலத்தில் தள்ளிவிட்டு, பெயரும் பொதியும் தரும் லாபத்தைப் பிறருக்கு விடுவது கூலியின் குற்றமா?

நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் தருபவர்கள் இன்று சிறுதோட்டக்காரர்கள். மீதியைத் தரும் பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பெனிகளிடம் வந்தது. குத்தகை 53 ஆண்டு. பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. கூலிக் கணக்கைக் காட்டும் கம்பெனிகள் மறுநடுகைக் கணக்கையும் அதே மேசையில் வைக்க வேண்டும்.